காகித ஹெல்மெட்

பிப்ரவரி 12, வியாழன்

சிமெண்டு கம்பெனிக்காரர் இன்றைக்கும் வந்தார். போன வருஷம் நம் கடை டார்கெட்டைத் தாண்டியதற்காக வியட்நாமுக்கு இரண்டு டிக்கெட். "அம்மா, பேரை மாத்திக்கலாம். ஆனா இந்த வாரத்துக்குள்ள சொல்லிரணும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாவம், அவர் என்ன செய்வார்.

அந்த டார்கெட்டுக்காக என் பிள்ளை வெயிலென்றும் மழையென்றும் பாராமல் அலைந்தான். கட்டடம் கட்டுகிற இடமெல்லாம் போய் நிற்பான். "கல்யாணம் முடிஞ்சு கோமதியை எங்கயும் கூட்டிட்டுப் போகல்லம்மா, இது கிடைச்சா வெளிநாடு" என்பான். பங்குனியில் டார்கெட் முடிந்தது. ஆனியில் அவனே முடிந்துவிட்டான். புளியங்குடி ரோட்டில், பட்டப்பகலில், பைக்கில்.

சம்பந்தியும் காலையில் ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தார். பெண்டாட்டி இல்லாத மனுஷன், ஒற்றை மகள். "கோமதியை வீட்டுக்கு அனுப்பிருங்கம்மா. வருஷத் திவசம் முடியட்டும், அப்புறமா அவளுக்கு ஒரு வழி பார்க்கணும். இருபத்தாறு வயசுதானே" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வியட்நாம் போயிட்டு வந்து பேசுவோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிஷம்தான் போவதென்று முடிவெடுத்தேன். டிக்கெட் வீணாகக் கூடாது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

தாலியறுத்து வருஷம் திரும்பவில்லை, மாமியாரும் மருமகளும் உல்லாசப் பயணம் போகிறார்களாம். எதிர்வீட்டுக்காரி நான் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. போட்டோ எடுக்கப் போனோம். பாஸ்போர்ட் ஆபீஸ், விசா எல்லாவற்றுக்கும் கோமதிதான் போனில் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அவன் போன வருஷமே பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான்.

அவளுக்குப் பயணத்துக்கென்று நாலு சேலை எடுத்தேன். எல்லாம் அமைதியான நிறம். பார்க்கிறவர்கள் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.

மார்ச் 8, ஞாயிறு

பருப்புப்பொடி, நார்த்தங்காய், மிளகாய் வற்றல், அவல். விளக்கைக் குளிர வைத்துவிட்டு நாளை கிளம்ப வேண்டியதுதான்.

திரும்பி வரும்போது சம்பந்தி மதுரை ஏர்போர்ட்டுக்கே கார் கொண்டுவருகிறாராம், கோமதியை அப்படியே கூட்டிப் போக. சரி என்றேன். இடையில் ஆறு நாள் இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பக்குவமாகப் பேசினால் "நான் அத்தையோடயே இருக்கேன்ப்பா" என்று அவள் வாயாலேயே சொல்லிவிடுவாள். கடையை அவள் பார்த்துக்கொள்ளட்டும். படித்த பிள்ளை. நான் ஒன்றும் அவளைக் கட்டிப்போடவில்லையே.

அவள் பாஸ்போர்ட்டையும் என் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளை, தொலைத்துவிடுவாள்.

மார்ச் 10, செவ்வாய்

ஹனோய். சாலை முழுக்க பைக். எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி பைக். ஒருவர் விடாமல் ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள். காய்கறிக்காரி, காதலர்கள், எண்பது வயதுக் கிழவர் எல்லோரும். நான் பஸ் ஜன்னலின் திரையை இழுத்து மூடிவிட்டேன். கோமதி திறந்தாள். மறுபடியும் மூடினேன்.

மார்ச் 11, புதன்

படகில் கூட்டிப் போனார்கள். தண்ணீருக்குள் மலை. தூறல். சேலை நனைந்து, இப்போது அறை முழுக்கக் கொடி கட்டிக் காயப்போட்டிருக்கிறேன்.

கோமதி குளிக்கப் போனால் வாளி நிறைந்த பிறகும் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊரிலும் அப்படித்தான். "ஏட்டி, தண்ணியை இப்பிடியா திறந்துவிடுவாக?" என்று கதவைத் தட்டினேன். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சோப்பு என்றாள். சோப்பாகத்தான் இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சை எடுத்தேன். "உங்க அப்பா வந்து கூப்பிட்டா என்னட்டி சொல்லப்போறே?" "பார்ப்போம் அத்தே" என்றாள். "அந்தப் பெரிய வீட்டுல நான் ஒத்தையில கிடந்து சாவணுமா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவள் ஈரத் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 12, வியாழன்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

கிராமச் சுற்றுலா என்று காலையிலேயே பஸ் ஏற்றிவிட்டார்கள். ஹனோயிலிருந்து ஒரு மணி நேரம். கூட வந்த டீலர்கள் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். வழிகாட்டி ஹான் என்ற பெண். கோமதியைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். இங்கிலீஷில் சொல்வாள், கோமதி எனக்குத் தமிழில் சொல்வாள். இறங்கினால் நாற்று நட்ட வயல், எருமை, தாமரைக் குளம், ஊர் நுழைவில் வளைவு. "இதைப் பார்க்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தோம்? நம்ம கரிவலம் வயக்காட்டுல நின்னாப் போதுமே" என்றேன். கோமதி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! நான் இன்னும் இரண்டு நையாண்டி செய்து பார்த்தேன். எடுபடவில்லை.

ஹான் என்னைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டாள். கோமதி, "எஸ், மதர்" என்றாள். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். மாமியாருக்கு அதோடு இன்னும் இரண்டு சொல் சேர்க்க வேண்டும் என்பதும் தெரியும். அவள் சேர்க்கவில்லை. ஆத்தா இல்லாமல் வளர்ந்த பிள்ளை.

முதல் வீட்டில் அரிசி மாவை ஆவித் துணியில் ஊற்றி, தோசை மாதிரி மெல்லிசாக எடுத்து மூங்கில் தட்டியில் காயப்போடுகிறார்கள். வற்றலுக்கு ஊற்றுகிற மாதிரிதான். எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்கள். ஊற்றி எடுத்தேன், கிழிந்தது. அந்த வீட்டுக்காரி கிழிந்ததைச் சுருட்டி என் வாயிலேயே ஊட்டிவிட்டாள்.

அடுத்த வீடு கூம்புத் தொப்பி. பனையோலை போல ஓர் இலையை இஸ்திரி போட்டு நிமிர்த்தி, மூங்கில் வளையத்தில் வைத்துத் தைக்கிறார்கள். கோமதி ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தாள். தாடைக்குக் கட்டுகிற நாடாவை நாமே எடுத்துக்கொள்ளலாம். கொத்துக் கொத்தாய்த் தொங்கின. தொப்பிக்காரி சிவப்பை எடுத்து நீட்டினாள். கோமதியின் கை அதை நோக்கிப் போனது. நான்தான், "வெள்ளை போதும்மா" என்றேன். அவள் வெள்ளை நாடாவைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாவது வீட்டில்தான் அது நடந்தது.

வாசல் முழுக்கக் காகிதம். மூங்கில் சிம்பு வளைத்து, வண்ணக் காகிதம் ஒட்டி, என்னவெல்லாமோ செய்கிறார்கள். சட்டை, செருப்பு, கைக்கடிகாரம், செல்போன், ஆளுயரக் குதிரை. என்ன வேலைப்பாடு! நான் ஏதோ அவர்கள் ஊர்க் கோயில் கொடைக்குச் செய்கிற சோடனை என்று நினைத்தேன். ஹான் வெளியே மற்றவர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு பெண்ணுடை மடித்து வைத்திருந்தது. கத்தரிப்பூ நிறம், கழுத்தில் தங்கக் காகிதத்தில் பூ. எனக்கு ஆசை வந்துவிட்டது. காகிதம்தானே, ஊரா பார்க்கப்போகிறது, ஒரு போட்டோவுக்காவது பிள்ளை நல்ல கலரில் நிற்கட்டும் என்று நினைத்தேன். "நில்லுட்டி, அளவு பார்ப்போம்" என்று அதை விரித்து அவள் தோளில் வைத்தேன். எடுப்பாக இருந்தது.

பசை கிண்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரி கத்திக்கொண்டே ஓடிவந்தாள். என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்னம்மா பிடுங்குதே? நான் என்ன களவாணியா?" என்று நானும் கத்தினேன். ஹான் உள்ளே ஓடிவந்தாள். இரண்டு பேரும் படபடவென்று பேசினார்கள். பிறகு ஹான் இங்கிலீஷில் சொல்லச் சொல்லக் கோமதியின் முகம் வெளுத்தது.

"அத்தே, இதெல்லாம் செத்தவங்களுக்காம். எரிச்சா அவங்களுக்குப் போய்ச் சேருமாம். உசுரோட இருக்கவங்க மேல வைக்கவே கூடாதாம்."

வீட்டுக்காரி என்னை ஏசவில்லை. ஒரு தாளை முறுக்கிப் பற்ற வைத்து, கோமதியைச் சுற்றிப் புகை காட்டி, தரையில் போட்டு அதைத் தாண்டச் சொன்னாள். நம் ஊரில் திருஷ்டி கழிக்கிற மாதிரியேதான். கோமதி சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டினாள். சாம்பல் நிறச் சேலை. நான் எடுத்துக் கொடுத்தது.

போன ஆனியிலிருந்து அவளுக்கு எல்லாச் சேலையும் நான்தான் எடுக்கிறேன். சாம்பல், பாக்கு, வெளிறின நீலம். வீட்டுக்காரி காகிதத்தைப் பிடுங்கினாளே, அதுபோல என் கையைப் பிடிக்க ஊரில் ஒருத்திகூட இல்லை. எல்லோரும் நல்ல மாமியார் என்றார்கள்.

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். குடிக்கத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். கசப்பு. அப்போதுதான் பார்த்தேன், கோமதி மூலையில் ஒன்றைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். காகித பைக். கண்ணாடி, கிக்கர், நம்பர் பலகை எல்லாம் அச்சாக இருந்தது.

"அந்தச் சனியனை எதுக்குட்டி பார்க்கே? என் பிள்ளையைக் கொன்னது பத்தாதா?" என்றேன்.

"வண்டி இல்ல அத்தே." அவள் குரல் கரகரத்தது. "அந்த ஹெல்மெட்."

பைக்கின் சீட்டில் ஒரு காகித ஹெல்மெட் ஒட்டியிருந்தது. நீல நிறம்.

அவனிடம் ஹெல்மெட் இல்லாமல் இல்லை. எப்போதும் வண்டியின் கண்ணாடியில் தொங்கும். போலீஸ்காரர் நிற்கிறார் என்றால் மட்டும் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும். "வேர்த்துக் கொட்டுதும்மா" என்பான். அன்றைக்கும் கண்ணாடியில்தான் தொங்கியது. அவனை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஹெல்மெட்டைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஒரு கீறல் இல்லை.

"அதை வாங்கி எரிக்கட்டுமா அத்தே?" என்று கேட்டாள். "இதெல்லாம் பொய்யின்னு தெரியும். ஆனாலும் செய்யணும்போல இருக்கு."

வண்டியோடு சேர்த்துத்தான் விற்பார்களாம். ஹெல்மெட் மட்டும் போதும், வண்டி வேண்டவே வேண்டாம் என்று ஹானிடம் சொல்லச் சொன்னேன். எதற்கு என்று கோமதி சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. வீட்டுக்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்தியை எடுத்து, ஒட்டியிருந்த பசையைப் பதமாகச் சுரண்டி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். பேனாவை எடுத்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"பேரும் ஊரும் எழுதணுமாம் அத்தே. பேர் இல்லாம எரிச்சா வழியில வேற ஏதாவது ஆவி பறிச்சிக்கிடுமாம்."

"பறிக்கவே வேண்டாம். கேட்டாலே கொடுத்திருவான். இல்லைன்னு சொல்லத் தெரியாது அவனுக்கு. எழுதச் சொல்லு."

கோமதி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவள் ஒருநாளும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏங்க"தான். வீட்டுக்காரி பேனாவோடு காத்திருந்தாள். நானும் அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் தாங்காது என்று தொண்டைக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தேன். இந்த டைரியில்கூட எழுதியதில்லை.

சொன்னேன். அவளுக்குப் பிடிபடவில்லை. மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லும்போது சத்தமாகவே சொல்லிவிட்டேன், தெருவிலிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுபோல. அவள் தன் எழுத்தில் எழுதினாள். அதன் கீழே கோமதி தமிழில் எழுதி, சங்கரன்கோவில் என்றும் போட்டாள்.

முற்றத்தில் ஓர் இரும்புத் தொட்டி இருந்தது. கோமதி ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அதற்குள் வைத்தாள். அந்நேரம் பார்த்துப் பிடித்த தூறலில் அணைந்துவிடுமோ என்று நான் முந்தானையை விரித்துப் பிடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நீலம் கறுத்து, மூங்கில் சிம்பு வளைந்து, எல்லாம் உட்கார்ந்துவிட்டது. கோமதி அழுதாள். குழாய் எதுவும் திறக்காமல், எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதாள். அவள் அழுது நான் காதால் கேட்டது இன்றைக்குத்தான்.

அவர்கள் ஊரில் நூறாம் நாள் ஒரு சடங்கு உண்டாம், அதோடு அழுகையை நிறுத்த வேண்டுமாம், ஹான் சொன்னாள். நாள் சொல்லி நிறுத்த அது என்ன குழாயா என்று நினைத்தேன். ஆனால் சொல்லும்போது அந்தப் பெண் கோமதியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஹார்ன் அடித்துவிட்டார்கள். "ஏறு, இந்தா வாரேன்" என்று கோமதியிடமிருந்து தொப்பியை வாங்கிக்கொண்டு வந்த வழியே ஓடினேன். இந்த முழங்காலோடு ஓடினேன். தொப்பிக்காரியிடம் வெள்ளை நாடாவைக் காட்டி, கையை ஆட்டி, சிவப்பைக் காட்டினேன். அவளுக்கு ஒரு பாஷையும் தேவைப்படவில்லை.

பஸ்ஸில் தொப்பியைக் கோமதியின் மடியில் வைத்தேன். நாடாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரை திறந்திருந்தது.

மார்ச் 13, வெள்ளி

மூட்டை கட்டினோம். கூம்புத் தொப்பி எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. நார்த்தங்காய் அப்படியே மீதி.

மார்ச் 14, சனி

மதுரையில் இறங்கும்போது நல்ல வெயில். வெளியே சம்பந்தி நிற்கிறார். கொஞ்சம் தள்ளி நம் கடை டிரைவர் மகாலிங்கம் நிற்கிறார். இரண்டு கார்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியமாகப் பேசவில்லை. கோமதியே சொன்னாள், "அப்பா, நான் அத்தையோடயே போறேன். அவங்க ஒத்தையில இருப்பாங்க."

நான் எதற்காகப் போனேனோ அது கைக்கு வந்துவிட்டது. சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். கோமதி தன் பெட்டியை எங்கள் காரை நோக்கி உருட்டினாள். அதே சாம்பல் நிறச் சேலை. முன்னால் அவள் போகிறாள், என் கையில் அந்தக் கத்தரிப்பூக் காகிதம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. இதைப் பிடுங்க இங்கே யார் ஓடிவருவார்கள்? நானேதான் பிடுங்க வேண்டும்.

"நில்லுட்டி" என்றேன். "பெட்டியை எங்கே உருட்டுதே? உங்க அப்பா கார் அங்கெல்லா நிக்கி."

"அத்தே..."

"என்ன அத்தே நொத்தே? உனக்கு வடிச்சுக் கொட்டி எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. கொஞ்ச நாள் உங்க அப்பாவுக்குக் கஞ்சி வச்சுக் கொடு. அந்த மனுஷனைப் பாரு, எலும்புந்தோலுமா நிக்காரு."

கைப்பையைத் திறந்து அவள் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். விரலைப் பிரித்து உள்ளே வைத்து மூடினேன். "பத்திரமா வச்சிக்கோ. இன்னும் எங்கயாவது போகணும்லா" என்றேன். கோமதி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவளைத் தள்ளித்தான் விட்டேன். தள்ளாமல் இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

தொப்பி டிக்கியில் அடங்கவில்லை. பின்சீட்டில் அவள் மடியில் வைத்துக்கொண்டாள். கார் திரும்பும்போது சிவப்பு நாடா கண்ணாடியில் பட்டுப் பட்டு ஆடியது.

"நம்ம கிளம்புவோமா அம்மா?" என்றார் மகாலிங்கம். கிளம்பினோம். கிருஷ்ணன்கோவில் தாண்டும்வரை முன்னால் அவர்கள் கார் தெரிந்தது.

மார்ச் 16, திங்கள்

கடை திறந்தேன். பாத்ரூம் குழாய் சொட்டுகிறது. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 5, ஞாயிறு

வருஷத் திவசம் முடிந்தது. கோமதியும் சம்பந்தியும் வந்திருந்தார்கள். அவள் வேலைக்குப் போகிறாளாம், ஸ்கூட்டி ஓட்டப் பழகிவிட்டாளாம். பச்சைச் சேலை உடுத்தியிருந்தாள். வந்த சொந்தத்தில் ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். "நான் எடுத்துக் கொடுத்ததுதான்" என்று சொன்னேன். பொய்தான்.

ஸ்கூட்டியில் கிளம்பும்போது அவள் தன் ஹெல்மெட்டை எடுத்துத் தாடைக்குக் கீழே கொக்கியைப் பூட்டினாள். டக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் போதும்.

ஆகஸ்ட் 20, வியாழன்

ஆவணி பிறந்தாயிற்று. மத்தியானம் கோமதி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வருகிறார்களாம். சிவகிரிப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார், அவருக்கும் முதல் தாரம் தவறிவிட்டதாம். நல்ல மனுஷர் என்று விசாரித்தார்களாம்.

"நல்லதுட்டி" என்றேன்.

"நீங்க வரணும் அத்தே."

"யாரு, நானா? உனக்கென்ன பைத்தியமா? தாலியறுத்தவ, பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவ, நல்ல காரியத்துல முன்னால வந்து நிக்கவா? வந்தவுக இது யாருன்னு கேட்டா என்னன்னு சொல்லுவே?"

"அன்னிக்கு அந்த ஊர்ல ஹான் கேட்டாங்கல்லா. அப்ப என்ன சொன்னேனோ அதைத்தான் சொல்லுவேன்."

கடையில் ஆள் நின்றார்கள். கம்பி கேட்டு ஒருவர், பெயிண்ட் கேட்டு ஒருவர். நான் போனைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். இந்த ஒரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். நின்றால் நிற்கட்டும், பார்த்தால் பார்க்கட்டும்.

அவள் போய்விடுவாள். இனி அவள் வேறொரு வீட்டு விளக்கு. நானே போய் உட்கார்ந்து, வெற்றிலை மாற்றி, சரி என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நெஞ்சு வெந்து போகிறது. போகத்தான் வேண்டும். அவளுக்கு என்னை விட்டால் ஆத்தா யார்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஆணியில் தொங்குகிற அவன் ஹெல்மெட்டை இறக்கித் துடைத்தேன். அவனிடம் சொல்லாமல் எப்படிப் போவது? இங்கே எழுதிவிடுகிறேன்.

எலே இசக்கிமுத்து, ஞாயித்துக்கிழமை நம்ம கோமதியைப் பொண்ணு பார்க்க வாராகளாம். நான் போயிட்டு வந்திருதேன், என்ன?